ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவதில் அப்படி என்ன இருக்கிறது? வெலோட்ரோம் பற்றிக் குமரி மாவட்டச் சைக்கிள் நண்பர்களிடம்

பார்வதிபுரம் சைக்கிள்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் முதல் முறையாக ஒரு வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய, வளைவுகள் சரிந்திருக்கும் சுற்றுத் தடத்தில், சைக்கிள் ஓட்டினேன். வயது 41. பந்தய வீரன் இல்லை, இனி ஆகப்போவதும் இல்லை. ஆனால் அன்று முதல் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பத்து ஆண்டுகளாகச் சாலையில் ஓட்டுகிறேன். ஞாயிறு விடியற்காலையில் பார்வதிபுரத்திலிருந்து கிளம்பி, தக்கலை, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை வரை போய்த் திரும்புவேன். இப்போதெல்லாம் ஆறு மணிக்கே கல்லும் மணலும் ஏற்றிய லாரிகள் கேரளத்தை நோக்கி வரிசை கட்டிவிடுகின்றன. முழங்கைக்குப் பக்கத்தில் லாரிச் சக்கரம் சுழல, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருக்கிறது.

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அனுமதி வாங்கிக் காரியவட்டம் வெலோட்ரோமுக்கு அழைத்துப் போனார். திறந்தவெளி கான்கிரீட் தடம். அங்கே எனக்குக் கொடுத்த சைக்கிளில் பிரேக் இல்லை, கியர் இல்லை, மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் ஃப்ரீவீலும் இல்லை. பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். இரண்டாவது சுற்றில், பழக்கதோஷத்தில் காலை நிறுத்தினேன். பெடல் நிற்கவில்லை. யாரோ அடியிலிருந்து முழங்காலைப் பிடித்து மேலே தள்ளியதுபோல் இருந்தது. உடம்பே சீட்டிலிருந்து ஓர் அங்குலம் எழும்பி அமர்ந்தது.

வளைவு இன்னொரு அனுபவம். கீழே நின்று பார்த்தபோது ஓட்டுக்கூரை சரிந்து நிற்பதுபோல் தெரிந்தது. "பயந்து மெதுவாகப் போகாதீர்கள், மெதுவாகப் போனால்தான் வழுக்கும்" என்றார் உடனிருந்த பயிற்சியாளர். பத்தாவது சுற்றில்தான் அந்தச் சொல்லை நம்பினேன். நம்பிய அந்தச் சுற்றில் வளைவு என்னைத் தாங்கிக்கொண்டது. மேலேறி, இறங்கி, நேர்ப்பாதைக்குள் விழுந்தபோது நான் மிதிக்காத வேகமும் கூடவே வந்தது.

எனக்கு வாய்த்தது இருபது நிமிடம் மட்டுமே. வீடு வந்து சேரும்வரை யாரிடமும் பேசவில்லை. இங்கே வேறு யாராவது ஓட்டியிருக்கிறீர்களா? உங்களை அதில் இழுத்தது எது?

தோவாளைக் காற்று

வாழ்த்துகள் அண்ணாச்சி. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் ஒரு மணி நேர மிதிப்புக்குள் கடல் இருக்கிறது, மலை இருக்கிறது, ரப்பர் தோட்டம் இருக்கிறது, மாத்தூர் தொட்டிப் பாலம் இருக்கிறது. காஷ்மீரிலிருந்து கிளம்புகிறவர்கள்கூட இங்கே வந்துதான் பயணத்தை முடிக்கிறார்கள். இத்தனையையும் விட்டுவிட்டு, போக வர 160 கி.மீ. பயணம் செய்து, ஒரு கான்கிரீட் வட்டத்தை நூறு முறை சுற்ற வேண்டுமா?

சைக்கிள் என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது. செக்குமாடுபோல் சுற்றுவதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. மே மாதம் தொடங்கிவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முதுகில் அறைய, முப்பந்தல் காற்றாலைகளுக்கு இடையே பறக்கிற சுகத்தை வெலோட்ரோம் தருமா?

பார்வதிபுரம் சைக்கிள்

தம்பி, அந்தச் சுகம் எனக்கும் தெரியும். திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதும் உனக்குத் தெரியும். முப்பந்தல் போய் வந்த பிறகு, "இன்று நான் நன்றாக ஓட்டினேனா?" என்று கேட்டால் உன்னால் பதில் சொல்ல முடியுமா? போகும்போது ஓட்டியது காற்று. வரும்போது தடுத்ததும் காற்று. நடுவில் ஒரு ரயில்வே கேட், ஒரு மாட்டு மந்தை, தோவாளைப் பூச்சந்தை நெரிசல்.

தடத்தில் காற்று இல்லாமல் இல்லை. ஒரு நேர்ப்பாதையில் எதிர்க்கும், அடுத்ததில் தள்ளும். ஆனால் அது ஒவ்வொரு சுற்றிலும் அதேபோல் வரும். காரியவட்டத்தில் நான் முதலில் ஓடிய ஒரு கிலோமீட்டருக்கும் கடைசியில் ஓடிய ஒரு கிலோமீட்டருக்கும் 9 வினாடி வித்தியாசம். அந்த 9 வினாடிக்குக் காரணம் நான் மட்டும்தான். சாலையில் பத்து ஆண்டு ஓட்டியும் எனக்குக் கிடைக்காத பதில் அது.

கணக்கு வாத்தியார், தக்கலை

மெதுவாகப் போனால் வழுக்கும் என்பதைச் சிலர் நம்ப மாட்டார்கள். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் நம்பவில்லை. கரும்பலகையில் போட்டுக் காட்டியதை இங்கேயும் தருகிறேன்.

வளைவில் போகும் வண்டி எவ்வளவு சாய வேண்டும் என்பதை இரண்டே விஷயங்கள் முடிவு செய்கின்றன: வேகமும் வளைவின் ஆரமும். வேகத்தின் வர்க்கத்தை, ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் சாய்கோணத்தின் டேன் மதிப்பு கிடைக்கும். ஓட்டுபவரின் எடை இதில் வரவே வராது. 50 கிலோ மாணவனுக்கும் 90 கிலோ வாத்தியாருக்கும் ஒரே கணக்கு.

ஒலிம்பிக் அளவுத் தடம் 250 மீட்டர். அதன் வளைவின் ஆரத்தை 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 54 கி.மீ. என்றால் வினாடிக்கு 15 மீட்டர். 225ஐ 245ஆல் வகுத்தால் 0.92. கோணம் 42 பாகைக்குச் சற்று மேல். அந்தத் தடங்களின் வளைவுச் சரிவு 42 முதல் 45 பாகை வரை இருப்பது இதனால்தான். சரியான வேகத்தில் போகிறவருக்குத் தடம் சரிவாகவே தோன்றாது. அவர் உடம்பும் தடமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகிவிடும். சமதளத்தில் நேராகப் போவதுபோலத்தான் உணர்வார்.

அதே சரிவில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் தேவைப்படும் சாய்வு 16 பாகைதான். மீதி 26 பாகையையும் டயரின் பிடிமானம் ஒன்றே தாங்க வேண்டும். தூசியோ ஈரமோ இருந்தால் தாங்காது. பயிற்சியாளர் சொன்னது அனுபவம் மட்டும் இல்லை, கணக்கும்தான்.

திறந்தவெளிக் கான்கிரீட் தடங்கள் பெரும்பாலும் 333.33 மீட்டர். மூன்று சுற்று ஒரு கிலோமீட்டர். வளைவு அகலம் என்பதால் சரிவும் குறைவு. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அதுவே நல்லது.

சைக்கிள் கடை மகன், மார்த்தாண்டம்

ஃப்ரீவீல் இல்லாத சக்கரம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பா நாற்பது ஆண்டு கடை நடத்தினார். மணிக்கணக்கு வாடகைக்கு சைக்கிள் விட்ட காலத்திலிருந்து. கடையில் உட்கார்ந்தபடியே, தெருவில் போகிற சைக்கிளின் ஃப்ரீவீல் சத்தத்தைக் கேட்டு, "இன்னும் பத்து நாளில் இது நம்மிடம் வரும்" என்பார். மிதிப்பதை நிறுத்தினால் வருமே, அந்தக் கடகட சத்தம். உள்ளே இருக்கும் சின்ன நாய்ப்பற்கள் தேய்ந்தால் அந்தச் சத்தம் சீர்கெட்டுப்போகும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் டிராக் சைக்கிளின் பின்சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்தார். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் இரண்டு மரை. உள் மரையில் பல்சக்கரம் வழக்கம்போல் வலப்பக்கம் முறுக்கினால் இறுகும். அதன்மேல் வரும் பூட்டு வளையத்துக்கு மரை தலைகீழ்: இடப்பக்கம் முறுக்கினால்தான் இறுகும். எதற்காக என்று யோசித்துப் பாருங்கள். பிரேக் இல்லாத வண்டியை நிறுத்த, காலால் பெடலைப் பின்னோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது பல்சக்கரம் கழன்றுகொள்ளப் பார்க்கும். அது கழல முயன்றால் வளையம் இன்னும் இறுகும். நம் சாதாரண சைக்கிளின் இடது பெடலிலும் மரை தலைகீழாக இருக்கும், அதை எல்லாக் கடைப் பையன்களும் ஒருமுறையாவது தவறாகத் திருப்பிக் கெடுத்திருப்பார்கள்.

அப்பா அந்த வளையத்தைக் கையில் வைத்து நெடுநேரம் உருட்டிப் பார்த்தார். சக்கரத்தைப் பொருத்திச் சுழற்றிவிட்டோம். சத்தமே இல்லை. "சைக்கிள் இவ்வளவு அமைதியாக ஓடுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

48 பல் முன்னால், 15 பல் பின்னால் என்றால் ஒரு மிதிக்கு வண்டி ஏறத்தாழ 6.7 மீட்டர் நகரும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போக, நிமிடத்துக்கு 90 முறை பெடல் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுகூட ஓய்வு இல்லை. கியர் மாற்றித் தப்பிக்கவும் முடியாது.

இரணியல் பெரியவர்

தம்பிமார்களே, வட்டத்தில் சுற்றுவது நமக்குப் புதிது என்று யார் சொன்னது?

நான் சிறுவனாக இருந்தபோது கோவில் திடலில் ஒருவர் இரவும் பகலுமாக ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றுவார். நடுவில் ஒரு கம்பம், அதில் குழல்விளக்கு, ஒலிபெருக்கியில் பாட்டு. சாப்பாடு சைக்கிள்மேல், குளியல் சைக்கிள்மேல், தூக்கமும் அதன்மேல்தான். ஒரு காலைக்கூடத் தரையில் ஊன்றாமல், ஹேண்டில்பாரில் சாய்ந்தபடி, முன்சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்பி நிற்பார். பள்ளிவிட்டதும் ஓடிப்போய் அவர் இன்னும் சுற்றுகிறாரா என்று பார்ப்போம். ஐந்தாம் நாள் இரவில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். பாட்டு நின்றுபோயிருந்தது. திடலில் பத்துப் பேர்கூட இல்லை. மணலில் டயர் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்தார். அப்பா மடியிலிருந்து ஒரு ரூபாய் நோட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "நீயே போய்ச் சட்டையில் குத்திவிடு" என்றார். கூடவே நடந்து, ஊக்கால் குத்தினேன். அந்தச் சட்டை முழுக்க வியர்வையில் ஊறி நோட்டுகள் ஒட்டிக் கிடந்தன.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. எந்தப் பதிவிலும் இருக்கப்போவதில்லை. சுற்றுவதைச் செக்குமாட்டோடு ஒப்பிட்டபோது மனம் வருந்திவிட்டது. அதனால்தான் எழுதினேன்.

தோவாளைக் காற்று

ஐயா, மன்னியுங்கள். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். என் தாத்தாவும் இதேபோல் ஒரு கதை சொல்லியிருக்கிறார்.

மேலக்கோட்டையூர் பழைய மாணவன்

ஐயா சொன்னதற்கு உலகத்தின் மறுபக்கத்தில் ஓர் இரட்டைப்பிள்ளை இருக்கிறது. 1890களில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆறு நாள் பந்தயம் நடந்தது. ஞாயிறன்று பந்தயம் கூடாது என்பதால் ஆறு நாள். ஒரே ஆள் தூங்காமல் சுற்றுவார், பார்க்கக் கூட்டம் அலைமோதும். அந்தக் கொடுமையைத் தடுக்க, ஒருவர் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. உடனே இருவர் சேர்ந்த அணியாக்கி, ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டினார்கள். அதுதான் இன்றைக்கு ஒலிம்பிக்கில் இருக்கும் மேடிசன் போட்டி. களத்தில் ஓடுகிறவர், தடத்தின் மேல்பகுதியில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கூட்டாளியின் கையைப் பிடித்து, தன் வேகத்தை அவருக்குக் கொடுத்து முன்னே வீசிவிடுவார். அந்தக் கைப்பிடியைப் பக்கத்தில் நின்று பார்த்தால் மயிர்க்கூச்செறியும்.

நான் சென்னையில் படித்தபோது மேலக்கோட்டையூர் தடத்தில் இரண்டு ஆண்டு ஓட்டினேன். மாவட்ட அளவைத் தாண்டவில்லை. ஆனாலும் என்னைப் பிடித்து வைத்தது நேரக்கணக்கு மட்டும் இல்லை. எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தால் பட்டியலாகிவிடும், எலிமினேஷன் என்ற பந்தயம் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவோம். குறிப்பிட்ட சுற்றுகளுக்கு ஒருமுறை, கோட்டைக் கடைசியாகக் கடப்பவர் வெளியே போக வேண்டும். அதுவும் அவருடைய பின்சக்கரம் கடப்பதைப் பார்ப்பார்கள். முன்னால் போனால் காற்றைக் கிழித்துக் களைத்துப்போவோம். பின்னால் பதுங்கினால் கழித்துவிடுவார்கள். உள்பக்கம் ஒட்டி ஓடினால் தூரம் குறைவு, ஆனால் மேலிருந்து ஒருவர் வந்து மூடிவிட்டால் வெளியேற வழியில்லை. நான் முதல் நாள் முதல் ஆளாக வெளியேறினேன். எனக்கு அடுத்து வெளியேறியவர் என்னைவிட இருமடங்கு வயதுடைய அஞ்சல் ஊழியர். அவர் சிரித்துக்கொண்டே வந்து புல்லில் அமர்ந்து, "கறுப்புக் கோட்டை விடவே மாட்டேன் என்றிருந்தாய், அதுதான் காரணம்" என்றார். உள்விளிம்பிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கும் கறுப்புக் கோடுதான் தடத்தின் நீளத்தை அளக்கும் கோடு. அதற்கு மேலே சிவப்பு, அதற்கும் மேலே நீலம். அந்த மூன்று கோட்டையும் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

சாலையில் வேகமாக ஓட்டுகிறவர்கள் நம்மைவிட்டு மறைந்து போவார்கள். தடத்தில் அது நடக்காது. மாநில வீரரும், போன வாரம் சேர்ந்த பையனும், அஞ்சல் ஊழியரும் ஒரே வட்டத்துக்குள்தான் இருப்பார்கள். வேகமானவர் சில சுற்றுகளில் மறுபடியும் பக்கத்தில் வருவார், தோளைத் தளர்த்து என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார். நான் கற்றதெல்லாம் அப்படி என்னைத் தாண்டிப்போனவர்களிடமிருந்துதான்.

குளச்சல் அலை

நான் ஓட்டுகிறவள் இல்லை. என் மகள் ஓட்டுகிறாள், வயது 14. உங்கள் உரையாடலை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

டெபோரா ஹெரால்ட் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். 2004 சுனாமியில் கார் நிக்கோபாரில் சிக்கிய ஒன்பது வயதுச் சிறுமி. மரத்தில் ஒண்டி நாள்கணக்கில் உயிர் பிழைத்தவள். பிறகு டிராக் சைக்கிளில் இந்தியாவின் முதன்மை வீராங்கனைகளில் ஒருவரானார். குளச்சலில் இருக்கும் நாங்கள் அந்தச் செய்தியை மற்றவர்களைப்போல் படிக்க முடியாது. அன்று எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்த பிறகு, ஒரு சைக்கிள் மட்டும் மின்கம்பத்தில் மாட்டித் தொங்கியது. யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

மகளுக்கு டெபோராவின் படத்தைக் காட்டினேன். அதே அந்தமான் நிக்கோபாரிலிருந்து வந்த ஈசோ ஆல்பன் 2018இல் ஜூனியர் உலகப் போட்டியின் கெய்ரின் என்ற டிராக் பந்தயத்தில் வெள்ளி வென்றதையும், அடுத்த ஆண்டே ஆல்பன், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகியோர் இருந்த இந்திய அணி ஜெர்மனியில் ஜூனியர் உலகப் போட்டியில், அணியாக ஓட்டும் குறுந்தூரப் பந்தயமான டீம் ஸ்பிரிண்ட் தங்கத்தை வென்றதையும் அவளே தேடிப் படித்து என்னிடம் சொன்னாள். பெரிய நகரமோ பணமோ இல்லாமல் தீவிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்த பிள்ளைகள்.

அவளைக் கடற்கரைச் சாலையில் தனியாக அனுப்ப எனக்குப் பயம். பின்னால் ஸ்கூட்டரில் நான் போகிறேன். சில பையன்கள் வேண்டுமென்றே உரசிக்கொண்டு போகிறார்கள். அவள் வேகமெடுக்கும்போதெல்லாம் நான் ஹாரன் அடித்து நிறுத்துகிறேன். நானே அவளுக்கு பிரேக்காக இருக்கிறேன் என்று நினைக்கும்போது அழுகை வருகிறது. வாகனம் வராத, மனிதர் பார்வையில் இருக்கிற, அவள் முழு வேகத்தில் ஓட்டக்கூடிய ஓரிடம். எனக்கு வெலோட்ரோம் என்றால் அவ்வளவுதான். நம் மாவட்டத்தில் அப்படி ஒன்று வர வழியே இல்லையா?

கணக்கு வாத்தியார், தக்கலை

அம்மா, உங்கள் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்ட அனுமதி வேண்டும்.

தடம் பற்றிச் சொன்னால், டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியதுபோல் மரப்பலகைத் தடம் என்றால் கூரை வேண்டும், பராமரிப்பு வேண்டும். நமக்கு ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டத்தில் திறந்தவெளி மரத்தடம் தாங்காது. கான்கிரீட்தான் சரி. அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. வாகனம் நுழையாத, வழவழப்பான, சமதள வட்டப்பாதை. 400 மீட்டர் தடகள ஓடுதளத்தின் வளைவு ஆரம் 36.5 மீட்டர். அதே அளவில் ஒரு தார்ப்பாதை இருந்தால் மணிக்கு 36 கி.மீ. வேகத்துக்கு 16 பாகைக்கும் குறைவாகச் சாய்ந்தால் போதும். சரிவே இல்லாமல் ஒரு குழந்தை பாதுகாப்பாகக் கற்றுக்கொள்ளலாம்.

தோவாளைக் காற்று

வாத்தியார் சொல்வதை ஏற்கிறேன். முதலில் வெலோட்ரோம் என்று மனு கொடுத்தால் நிலம் எங்கே, நிதி எங்கே என்று ஆண்டுகள் ஓடிவிடும். அதற்குள் அக்காவின் மகள் கல்லூரிக்கே போய்விடுவாள். வாரத்தில் ஒருநாள், ஞாயிறு காலை ஐந்து முதல் ஏழு வரை, ஏதாவது ஒரு வளாகச் சாலையை வாகனமில்லாமல் அடைத்துத் தரச் சொல்லிக் கேட்போம். மனு எழுத நான் தயார். கையெழுத்து வாங்கத் தோவாளை, பூதப்பாண்டி பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன். சாலையில் ஓட்டுவதை நான் விடப்போவதில்லை, ஆனால் இதற்கு நிற்பேன்.

சைக்கிள் கடை மகன், மார்த்தாண்டம்

பழைய இரும்பு ஃபிரேம் இரண்டு கடையில் இருக்கிறது. ஃப்ரீவீலை எடுத்துவிட்டுச் சாதாரண ஹப்பில் பல்சக்கரத்தை வைத்துப் பற்றவைக்கச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பூட்டு வளையம் இல்லாமல் பின்னோக்கி அழுத்தினால் கழன்றுவிடும், பற்றவைப்பும் விட்டுப்போகும். சரியான டிராக் ஹப் வாங்கி, நானே கூலி இல்லாமல் கட்டித் தருகிறேன். பழகுகிறவர்களுக்கு முன் பிரேக் ஒன்றும் வைத்துவிடுவேன். அது இல்லாமல் சாலைக்கு எடுத்துப் போகக் கூடாது.

பார்வதிபுரம் சைக்கிள்

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு மறுபடியும் காரியவட்டம் போவதாக இருக்கிறேன். நண்பர் அனுமதி கேட்டிருக்கிறார். உறுதியானதும் இங்கே எழுதுகிறேன். வேனில் எட்டுப் பேர் போகலாம். பார்வதிபுரத்தில் அதிகாலை 3.30, தக்கலையில் 4.00, மார்த்தாண்டத்தில் 4.20. வெயில் ஏறுவதற்குள் ஓட்டி முடித்துவிட வேண்டும்.

ஹெல்மெட் கட்டாயம். கையுறை வேண்டும், விழுந்தால் முதலில் தேய்வது உள்ளங்கைதான். ஷூலேஸை உள்ளே செருகிக்கொள்ளுங்கள், நிற்காத பெடலில் அது சிக்கினால் ஆபத்து. பெரியவர் ஐயா, ஓட்டாவிட்டாலும் நீங்கள் வர வேண்டும். முன் சீட்டு உங்களுக்கு.

இரணியல் பெரியவர்

வருகிறேன். இட்லி நான் கொண்டுவருகிறேன், பாதி வழியில் கடை தேடாதீர்கள்.

குளச்சல் அலை

இரண்டு இடம் வையுங்கள் அண்ணா. தக்கலையில் ஏறிக்கொள்கிறோம். சைக்கிள் உயரம் முன்கூட்டியே சரி செய்ய அளவு கேட்பார்கள் என்று மகள் சொல்கிறாள். அவளே டேப் வைத்து அளந்துவிட்டாள்: பெடல் அச்சிலிருந்து சீட்டு வரை 68 செ.மீ.